இரண்டு பிளாஸ்க் சுந்தர்சிங்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சுந்தர்சிங் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளுகிறார். துணிப்பையிலிருந்து இரண்டு பிளாஸ்க்குகளை எடுத்துத் தொடைக்கு ஒன்றாக நிறுத்திக்கொள்கிறார். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. மற்றதில் வெள்ளை நூல். கீழே வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று புதிதாக வரும் கண்டக்டர்கள் கேட்பார்கள். "கீழ வெச்சா அதிரும்பா. தொடை மேல வெச்சா சதை வாங்கிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிடுவார். பூதலப்பட்டு வருவதற்குள் வாய் திறந்த தூக்கம். தலை ஜன்னல் கம்பியில் டொக் டொக்கென்று இடித்துக்கொண்டே வரும். பிளாஸ்க்குகள் மட்டும் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

நானும் அந்த பஸ்தான். திருப்பதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. ஊரார் உயிருக்கு விலை போட்டு வயிற்றைக் கழுவுகிறவன். முதல் வருஷம் முழுவதும் அந்த பிளாஸ்க்குகளில் காப்பி இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பிளாஸ்க் காப்பி வைத்துக்கொண்டு பக்கத்து சீட்காரனுக்கு ஒரு மூடி ஊற்றித் தராத மனிதர் எப்பேர்ப்பட்ட கஞ்சனாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன். மார்கழிக் குளிரில் ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"காப்பி இல்ல சார். முட்டை."

"இந்தக் குளிருக்கு அவித்த முட்டையும் தேவலைதான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெள்ளை நூல் கட்டியதைத் திறந்து பஸ்ஸின் மங்கல் விளக்குக்குக் கீழே நீட்டினார். வெறும் தண்ணீர். கண்ணை இடுக்கிப் பார்த்தால் அடியில் கடுகை விடச் சின்னதாக, கண்ணாடியில் செய்தது போல ஏதோ புள்ளிகள். "மீன் முட்டை சார். அல்லாம் உசிரோட கீது. மேல மூச்சு வுடாதீங்க" என்றார். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். பைத்தியம் போலவும் தெரியவில்லை.

பெயரில் சிங் இருக்கிறதே என்று தலைப்பாகையைத் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஏதோ ஒரு பக்தர் பேரில் அவருடைய நைனாவுக்கு இருந்த ஈடுபாடு பிள்ளைக்குப் பெயராக வந்து ஒட்டிக்கொண்டது. நாற்பத்தாறு வயது, ஐம்பத்தைந்து என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக, ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டி இழுத்து மெலிதாக்கிய கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதன் முனையில் பஞ்சு சுற்றியிருக்கும். இடது கண் இமையில் முடி அங்கங்கேதான் இருக்கும். அதை ஏதோ வியாதி என்றுதான் பஸ்ஸில் எல்லோரும் எண்ணியிருந்தோம்.

அவரே பிடுங்குகிறார் என்று பின்னால் தெரிந்தது. முட்டையைத் தோல் உரித்து உள்ளே இருக்கும் குஞ்சை வெளியே எடுத்தால், அதை எதைக் கொண்டு தொடுவது? ஊசி பட்டால் கிழிந்துவிடும். தலைமுடி தடிமன், வளையும். இமை முடிக்குத்தான் கூர்மையும் உண்டு, நீக்குப்போக்கும் உண்டு. ஒரு தீக்குச்சியின் நுனியில் நகப் பூச்சைத் தொட்டு, இமை முடி ஒன்றை ஒட்டிக் காயவைத்தால் கருவி தயார். குச்சி எப்போது உடையும், முடி எப்போது உதிரும் என்று சொல்ல முடியாது. உடனே கண்ணில் கையை வைத்து வெடுக்கென்று இழுத்துவிடுவார். "வலது கண்ணு மைக்ராஸ்கோப்புக்கு. அதுல கை வெக்க மாட்டேன். இடது சும்மாதானே கீது" என்பார்.

திருப்பதியில் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையைப் பலகையில் மல்லாத்திக் குண்டூசி குத்திப் பையன்களுக்குக் காட்டுவது, ஃபார்மலின் பாட்டில்களில் திரவம் வற்றிவிட்டதா என்று பார்ப்பது, பரீட்சை நாளில் கரப்பான்பூச்சிக்கு ஆள் அனுப்புவது. டாக்டர் பட்டம் வாங்கினால் லெக்சரர் ஆகலாம். இளைய மகள் தொட்டிலில் கிடந்தபோது அதற்காகப் பதிவு செய்துகொண்டார். அவள் இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள், தாவணி போட்டுவிட்டாள். எத்தனை தூரம் வந்திருக்கிறது என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "ஆச்சு சார். ஒரே ஒரு படம்தான் பாக்கி." அதைச் சொல்லும்போது குரலில் உற்சாகம் எதுவும் இருக்காது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறவர், இன்னும் ஒரே படிதான் என்று சொல்வது மாதிரி இருக்கும்.

எந்தப் படம் என்பதை எனக்கு அவர் தவணை தவணையாக, சந்திரகிரி தாண்டி முழிப்பு வந்த பிறகு சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அடிக்கிற பூச்சி மருந்து மழையில் கரைந்து வாய்க்காலில் இறங்குகிறது. அந்த வாய்க்காலில் ஜீப்ரா மீன் என்று விரல் நீளங்கூட இல்லாத வரி வரியான மீன் வாழ்கிறது. மருந்துத் தண்ணீரில் கிடந்த முட்டைக்குள் குஞ்சு கோணலாக வளர்கிறது. இதுதான் அவருடைய ஆராய்ச்சி. காணிப்பாக்கம் பக்கத்து வாய்க்காலில் அவரே துண்டு போட்டுப் பிடித்து வந்த மீன்கள் வீட்டில் இருக்கின்றன. அவை இடும் முட்டைகளைப் பாதிப் பாதியாகப் பிரிப்பார். சிவப்பு நூல் பிளாஸ்க்கில் மருந்து கலந்தது. வெள்ளை நூலில் மருந்தே படாதது. வெள்ளைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சாட்சி. "சாட்சி நேரா இருந்தாதான் சார், மருந்துதான் கோணலாக்குச்சுன்னு சொல்ல முடியும்."

குஞ்சுக்கு வால் பிரிந்து உருவம் தெளிவாகிற ஒரு வேளை இருக்கிறது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து அது முட்டைக்குள்ளேயே துள்ள ஆரம்பித்துவிடும். துள்ள ஆரம்பித்தால் படம் கலைந்து போகும். ஆகவே உருவமும் வந்திருக்க வேண்டும், துள்ளலும் தொடங்கியிருக்கக் கூடாது. இதில் சங்கடம் என்னவென்றால் இந்த மீன் விடியற்காலை வெளிச்சத்தைப் பார்த்தால்தான் முட்டையிடும். விடியலில் இட்ட முட்டைக்கு அந்த வேளை ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிறது. கல்லூரியையோ ஐந்து மணிக்குப் பூட்டி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். காற்றுக் குமிழி நின்று போய் அங்கே வளர்த்த மீன்கள் இரண்டு தடவை மொத்தமாகச் செத்தன. மீன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

வீட்டில் சுந்தர்சிங் விடியலையே இடம் மாற்றிவிட்டார். ராத்திரி முழுக்க மீன் தொட்டிக்கு மேல் பல்பு எரியும். காலையில் பல்பை அணைத்து, தொட்டியைக் கம்பளியால் மூடிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். பகலெல்லாம் அவற்றுக்கு ராத்திரி. சாயங்காலம் வீடு திரும்பி, ஏழு மணிக்குக் கம்பளியை இழுத்து பல்பைப் போட்டால் அவற்றுக்குப் பொழுது விடிந்தது. அந்த முட்டைகள்தாம் மறுநாள் காலை பஸ் ஏறிப் பத்து மணிக்கு லேபுக்குப் போகும்போது சரியான பதத்தில் இருக்கும். வீட்டில் கல்யாணம், காய்ச்சல், விருந்தாளி எதுவானாலும் ஏழு மணிக்கு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். இப்படி வாழ்கிற ஒரு மனிதன் பஸ்ஸில் வாய் திறந்து தூங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். அதே ஏழு மணிக்குத்தான் அந்த வீட்டில் குடும்ப ஜெபமும். தொட்டி இருக்கும் அறையிலேயே பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். மனைவி யூனிஸ் அம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல கணீர்க் குரல். நீண்ட ஜெபம். நான் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். சுந்தர்சிங் கைகளைக் கூப்பி, கண்களை அகலத் திறந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுங்க" என்றார் யூனிஸ் அம்மாள், ஜெபத்தின் நடுவிலேயே, அதே ராகத்தில்.

"ஆண் மீன் துரத்துது யூனிஸ். இன்னிக்கு இட்டுடும்."

"ஆண்டவரே, இந்த மீனுங்களுக்கும் புத்தி குடும்" என்று சேர்த்துக்கொண்டு அந்த அம்மாள் மேலே போனார். மகள்கள் இருவரும் சிரிப்பை அடக்கத் தாவணி முனையை வாயில் அழுத்திக்கொண்டார்கள்.

ஜெபம் முடிந்ததும் பலகாரத்தட்டு வந்தது. பாலும் சர்க்கரையும் போட்டுக் கடல்பாசியில் செய்த வில்லைகள். சர்க்கரை போடாமல் தனியாக ஒரு கிண்ணத்தில் உறைய வைத்திருந்ததை நான் கையில் எடுத்தேன். "அது துன்றதுக்கு இல்ல சார், மெத்தை" என்று வாங்கி வைத்துவிட்டார். உறைந்த கடல்பாசியில் சீப்புப் பல்லை அழுத்தினால் வரிசையாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் குஞ்சைப் பக்கவாட்டில் கிடத்தினால் உருளாமல் கிடக்கும். அதற்கு மேல்தான் மைக்ராஸ்கோப் பார்க்கும். இதற்கென்று சீமைச் சாமான் விலைக்கு வருகிறதாம். இந்த வீட்டில் யூனிஸ் அம்மாளின் சீப்பில் பாதிப் பல் காணோம்.

கேமரா பொருத்துகிற குழாய் வைத்த மைக்ராஸ்கோப் துறைக்கே ஒன்றுதான். ஜெர்மன் சாமான், மரப்பெட்டிக்குள் இருக்கும், சாவி துறைத் தலைவரான புரொபசரிடம். படமெடுக்கும்போது மூச்சு எண்ணுகிற அளவு நேரம் எதுவும் அசையக் கூடாது. வராந்தாவில் பையன்கள் ஓடினாலே மேஜை அதிர்ந்து படம் போய்விடும். அதனால் வகுப்பில்லாத இரண்டாம் சனிக்கிழமைதான் அவருடைய முறை. மற்ற நாட்களில் சாதா மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குறித்துக்கொள்வதோடு சரி. மாதத்துக்கு ஒரு வாய்ப்பு. ஒரு மாதம் கரண்ட் போயிருக்கும். ஒரு மாதம் வோல்டேஜ் இறங்கி பல்பு சிவந்திருக்கும். ஒரு மாதம் குஞ்சு முன்னதாகவே துள்ளியிருக்கும். ஒரு மாதம் எல்லாம் கூடிவந்து ஃபிலிம் சுற்றாமல் மாட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் அவர் காலிப் பிளாஸ்க்குகளையும் தொடை மேலேயே வைத்துக்கொண்டு வந்தார். 

போன வருஷம் நிலைமை முற்றியது. அவருக்கு வழிகாட்டியான புரொபசர் நாராயணசாமி மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். துறையில் மீன் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அடுத்துத் தலைவராக வரப்போகிறவர் நத்தைக்காரர். "என்கிட்ட வர்றதுன்னா நத்தை எடுத்துக்கினு மொதல்லேர்ந்து ஆரம்பிங்க" என்று இப்போதே சொல்லிவிட்டாராம். மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமையில் படம் கிடைத்தால் ஆராய்ச்சி முடிந்தது. லெக்சரர் வேலை வரும். கிடைக்காவிட்டால் மகள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து செய்த அத்தனையும் வீண்.

இந்த நேரம் பார்த்து மீன்களும் சதி செய்தன. கம்பளி நைந்து போய் இண்டு இடுக்கு வழியாகப் பகல் உள்ளே போனது. மீன்கள் மத்தியானமே விடிந்துவிட்டதென்று முட்டையிட்டன. சுந்தர்சிங் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இரக்கப்பட்டு வழி கண்டுபிடித்தது யூனிஸ் அம்மாள்தான். மிஷன் கோயிலின் மாதர் சங்கத்தில், ஆல்டர் எனும் பீடத்துக்குப் போர்த்தும் துணிகள் அவர் பொறுப்பு. பெரிய வெள்ளியன்று ஆல்டரையும் பிரசங்க மேடையையும் மூடுகிற கறுப்புத் துணி, இரட்டை மடிப்பு, ஒரு பொட்டு வெளிச்சம் புகாது. ஈஸ்டர் முடிந்துவிட்டதால் அடுத்த வருஷம் வரை பெட்டியில்தான் கிடக்கும். போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதைக் கொண்டுவந்து தொட்டிக்குப் போர்த்திவிட்டார். மீன்கள் சரியாகச் சாயங்காலம் ஏழு மணிக்கு முட்டையிட்டன.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் இல்லை. ஆனாலும் முதல் பஸ்ஸில் போனேன். முதல் நாளே கேட்டிருந்தார்: "சார், நாளைக்குக் கூட வரீங்களா? இன்னாமோ பயமா கீது." வழி முழுக்க அவர் அன்று தூங்கவில்லை. சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் மாறி மாறித் தடவிக்கொண்டு வந்தார்.

லேபில் ஃபார்மலின் நெடி மண்டையைப் பிளந்தது. புரொபசர் நாராயணசாமி எங்களுக்கு முன்னாலேயே வந்து மரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். நல்ல மனிதர். மாணவன் ஒருவனைக் கரையேற்றாமல் வீட்டுக்குப் போவதில்லை என்ற தவிப்பு அவருக்கும் இருந்தது. "ஏமய்யா சிங்கு, இன்னைக்காவது உன் மீன் கருணை காட்டுமா?" என்றார். அட்டெண்டர் ரங்கையா மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் நடக்கக் கூடாது என்று வராந்தா முனையில் போய் நின்றுகொண்டார். மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்தது போக ஃபிலிமில் இவருக்கு மிஞ்சியிருந்தது இரண்டே படம். சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று.

சிவப்பு நூல் பிளாஸ்க்கைத் திறந்து கண்ணாடிக் குழாயால் ஒரு முட்டையை உறிஞ்சி எடுத்தார். மருந்து வாடை குப்பென்று அடித்தது. கடல்பாசி மெத்தையில் இறக்கி, இரண்டு இடுக்கிகளால் மேல்தோலைப் பற்றி, பட்டாணித் தோல் உரிப்பது போல உரித்தார். அதுவரை பார்த்த அலுத்துப்போன ஆள் எங்கோ காணாமல் போனார்.  இமை முடிக் குச்சியால் குஞ்சைப் பள்ளத்தில் பக்கவாட்டில் திருப்பினார். கேமராவைப் பொருத்தினார். நாங்கள் மூவரும் மூச்சை அடக்கினோம். பொத்தானை அழுத்திய அதே நொடியில் பல்பு ஒருமுறை மங்கி எழுந்தது. ஒரு படம் போயிற்று.

 "சாட்சிக்கு வெச்சிருக்கிறதையும் இதுக்கே எடு" என்றார் புரொபசர். எடுத்தார். இந்த முறை விளக்கு அசையவில்லை, குஞ்சும் அசையவில்லை. புரொபசர் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பாகுந்தய்யா, நல்லா வந்திருக்கு! கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு! இனிமே கண்ணை மூடிக்கிட்டு தீசிஸ் குடுக்கலாம்" என்று அவர் முதுகில் தட்டினார். எனக்கும் பார்க்கக் கொடுத்தார்கள். நீர் போன்ற உடம்பு, உருவாகத் தொடங்கும் கண், அதற்குக் கீழே முதுகு ஒடிந்தது போல ஒரு வளைவு. சின்ன உயிர், ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"சாட்சிக்குப் படமில்லையே சார்" என்றார் சுந்தர்சிங்.

"போன மாசம் சாட்சி நல்லா விழுந்திருக்கே. அதைப் பக்கத்துல ஒட்டிடு. சாட்சி என்னைக்கும் சாட்சிதானே?" சொல்லிவிட்டு, டீ சொல்லிவிட்டு வருவதாக ரங்கையாவையும் கூட்டிக்கொண்டு புரொபசர் வெளியே போனார். வராந்தாவில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவது கேட்டது.

சுந்தர்சிங் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன், களைப்புதான் இருந்தது. பிறகு, பாத்திரம் கழுவுகிறவள் கடைசிக் கரண்டியையும் எடுப்பது போல, வெள்ளை நூல் பிளாஸ்க்கைத் திறந்தார். திறந்தவர் மூடியை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றார்.

"சார், இத மோந்து பாருங்க."

முகர்ந்தேன். துணிப் பெட்டி வாசனை. பாச்சை உருண்டை.

அவர் அவசர அவசரமாக ஒரு முட்டையை எடுத்து உரித்தார். அதைப் பார்த்துவிட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பிறகு எழுந்து எனக்கு இடம் விட்டார். "வளைஞ்சு கீதா சார்? எனக்குத்தான் கண்ணு அப்படித் தெரியுதா?"

எனக்கு என்ன தெரியும்? ஆனால் மருந்தே படாத அந்த மூன்றும் சற்று முன் பார்த்த அதே கொக்கியாகத்தான் கிடந்தன. ஆமாம் என்றேன்.

"கோயில் துணி" என்றார். "பெட்டியில பூச்சி அரிக்காம இருக்க உருண்டை போட்டு வெப்பாங்க. மடிப்புல ஒண்ணு மாட்டிக்கினு இருந்திருக்கு. நேத்து துணிய இழுக்கச்சே தண்ணியில பொட்டுன்னு ஏதோ வுழுந்துச்சு. பொண்ணுங்க அரிசி போட்டுதுங்கன்னு நெனச்சேன். ரெண்டு பிளாஸ்க்கும் அந்தத் தண்ணி முட்டைதான் சார். சிவப்புல மருந்து வாடையில தெரியல." கொஞ்ச நேரம் வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "யூனிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டா." (பிறகு அவரே சொல்லிவிட்டார். இல்லையென்றால் நான் இதை எழுதப் போவதில்லை.)

எனக்கு ஆத்திரமாக வந்தது. மீன் மேலா, உருண்டை மேலா, கரண்ட் மேலா என்று தெரியவில்லை. மருந்து முட்டை கோணலாகும் என்பது பொய்யா என்ன? முந்தைய மாதங்களில் அவர் கண்ணால் பார்த்தது தானே? படம் விழாமல் போனது அவர் குற்றமா? "சிங்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "வெள்ளையைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு வாருங்கள். யாரும் கேட்கவில்லை. புரொபசரே போன மாசப் படத்தை ஒட்டச் சொல்லிவிட்டார். உங்களுக்கு வயதாகிறது. போதும்."

நான் சொன்னது தப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. ஒரு மனிதன் எத்தனை வருஷம்தான் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு போவான்?

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னதை யோசித்தார் என்றே நினைக்கிறேன். அந்த மூன்று குஞ்சும் கிடந்த கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கழுவும் தொட்டி வரைக்கும் போனார். குழாயைத் திறந்தார். அது கொஞ்ச நேரம் சும்மா கொட்டியது. பிறகு குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தோடு திரும்பி வந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார்.

வராந்தாவில் பேச்சுக்குரல் நெருங்கியது. புரொபசர் ரங்கையாவிடம், தீசிஸை பைண்டு செய்ய எந்தக் கடை நல்லது என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரங்கையா கையில் டீ டம்ளர்கள். சுந்தர்சிங் தலை நிமிரவில்லை. வளைவு மறைகிற மாதிரி குப்புறக் கிடந்த ஒரு குஞ்சை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினார். முதுகின் கோணல் நன்றாகத் தெரிகிற வரைக்கும் திருப்பினார். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினார். கண் வைக்கும் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"டீ ஆறிடும், வா" என்றார் புரொபசர்.

சுந்தர்சிங் எழுந்து நின்றார். தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குட்டையான புரொபசருக்கு வாகாக மைக்ராஸ்கோப்புக்கு நெருக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.